கண்ணாடித் தொட்டிக்குள் கடல்: எந்தப் புழு பகை, எந்தப் புழு துணை?



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்றிருக்கும் ஒரு தங்கை எழுதிய கடிதமே இம்மாதம் இப்பக்கத்திற்குப் பொருளாகிறது. ஊரையும் பெயரையும் மறைத்து, அவர் எழுதியபடியே சில வரிகளைத் தருகிறேன்.

"அக்கா, நான் இருக்கிற வீட்டுல பெரிய உப்புத்தண்ணி மீன் தொட்டி இருக்கு. உள்ளே கல்லு, பூ மாதிரி பவளம், கலர் மீன் எல்லாம் இருக்கு. கழுவித் துடைக்கிறது என்னோட வேலை. ராத்திரி லைட்டை நிப்பாட்டினா கல்லுக்குள்ள இருந்து புழுப் புழுவா வருது. நோனா பார்த்துட்டு, எல்லாத்தையும் பிடிச்சுப் போடச் சொல்லிட்டாங்க. கையை விட்டேன், முள்ளு ஏறி ரெண்டு நாளா எரியுது. போன மாசம் ஒரு பவளம் செத்துப்போச்சு. நான் சரியாக் கழுவல்லைன்னு சொன்னாங்க. சம்பளத்துல வெட்டுவாங்களோன்னு பயமா இருக்கு. எங்க ஊர்ல பிள்ளைகளுக்குக் குடுக்கிற பூச்சி மாத்திரையைக் கரைச்சுப் போட்டா புழு சாகுமா?"

ஊவா மாகாணத்தில் பதுளை, மொனராகலை என்று இரண்டு மாவட்டங்கள். இரண்டுக்கும் கடற்கரை கிடையாது. கடலையே கண்டிராத நமது பிள்ளைகள், கொழும்பில் ஒரு வரவேற்பறை மூலையில் கடலைத் துடைக்கும் வேலையில் நிற்கிறார்கள். இவ்வாறான தொட்டிகள் வசதியுள்ள வீடுகளிலும் ஹோட்டல்களிலும் வைத்தியர்களின் காத்திருப்பு அறைகளிலும் இருக்கின்றன. மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்ற சகோதரிகள் சிலரும் இதே வேலையைப் பற்றி என்னிடம் பேசியுள்ளனர். ஆகவே இது ஒருவரின் பிரச்சினை மட்டும் அல்ல.

நான் படித்தது சமூகவியல். கடல் உயிரியல் அல்ல. பல்கலைக்கழக விடுதியில் என் அறையில் இருந்து விலங்கியல் படித்த தோழி ஒருவரிடமும், கொழும்பில் அலங்கார மீன் கடையில் பல வருடம் வேலை செய்த தோட்டத்துத் தம்பி ஒருவரிடமும் கேட்டேன். தங்கை வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் அவர்களுக்குக் காட்டினேன். இருவரும் முதலில் சொன்னது ஒன்றே: "எந்தப் புழு என்று தெரியாமல் எதையும் கொல்ல வேண்டாம்."

புழு எங்கிருந்து வருகிறது?

உப்புநீர்த் தொட்டியில் வைக்கும் கற்கள் வெறும் கற்கள் அல்ல. முருகைக்கல் என்று நாம் சொல்லும் பவளப்பாறையின் துண்டுகள் அவை. அவற்றின் துளைகளில் சிறு நண்டு, நத்தை, புழு, கிருமி என்று பல உயிர்கள் குடியிருக்கும். கல்லும் பவளமும் தொட்டிக்கு வரும்போது அவையும் கூடவே வந்துவிடுகின்றன. எனவே, புழு வந்தது வேலை செய்பவரின் அழுக்கினால் அல்ல. கடையிலிருந்து வந்த கல்லோடு வந்தது. தங்கை முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் புழு பெருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதிகமாகப் போடும் தீனியே அது. காலையில் நோனா ஒரு பிடி, மாலையில் பிள்ளைகள் ஒரு பிடி, இரவில் ஐயா ஒரு பிடி என்று போட்டால், மீன் தின்றது போக மிச்சமெல்லாம் கல்லிடுக்கில் போய் அழுகும். அதைத் தின்ன புழு பெருகும். சோற்றுப் பருக்கை சிந்திய இடத்திற்கு எறும்பு வருவது போலத்தான். எறும்பை நசுக்கிக்கொண்டே இருப்பதைவிடப் பருக்கையைக் கூட்டி எடுப்பது சுலபம்.

துணைப் புழுக்கள்

தங்கை அனுப்பிய படத்தில் இருந்தது, உடலின் இரு ஓரங்களிலும் வெள்ளை முடி போன்ற மெல்லிய முட்கள் கொண்ட, இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த நிறமுள்ள புழு. நமது ஊர்க் கம்பளிப்பூச்சியைத் தட்டி நீட்டி விட்டது போல் இருக்கும். இதை முள்முடிப் புழு என்று வைத்துக்கொள்வோம். இவ்வினத்தில் பெரும்பாலானவை தொட்டியின் துப்புரவுத் தொழிலாளர்கள். செத்த மீன், மிஞ்சிய தீனி, அழுகல் ஆகியவற்றைத் தின்று தண்ணீர் கெடாமல் காக்கின்றன. கொழுந்து மலையில் மண்புழு செய்வதைப் போன்ற வேலை அது.

செத்த பவளத்தின் மேல் இந்தப் புழுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டு, "புழுதான் பவளத்தைக் கொன்றது" என்று வீட்டுக்காரர்கள் எண்ணுவதுண்டு. அநேகமாகப் பவளம் வேறு காரணத்தால் செத்த பிறகே அவை வந்திருக்கும். உப்பின் அளவு மாறியிருக்கலாம், சூடு கூடியிருக்கலாம், வெளிச்சம் போதாமல் இருந்திருக்கலாம்.

வேறு சில துணைப் புழுக்களும் உண்டு. கண்ணாடியில் கடுகளவில் வெள்ளைச் சுருள்களாக ஒட்டியிருப்பவை குழாய்ப் புழுக்களின் வீடுகள். குழாய்க்குள்ளிருந்து விசிறி போல் விரிந்து, கையை அருகில் கொண்டுபோனதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்வது விசிறிப் புழு. கல்லிடுக்கிலிருந்து நூல் நூலாக இடியப்பம் போல் நீண்டு கிடப்பதும் ஒரு புழுவின் கைகளே. இவை எவற்றாலும் தீங்கு இல்லை. சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பகைப் புழுக்கள்

பகை எது என்று அறிய நான்கு அடையாளங்களைத் தோழி சொல்லித் தந்தார்.

முதலாவது, நெருப்புப் புழு. இதுவும் முள்முடி இனமே. ஆனால் தடித்திருக்கும். முட்கள் பஞ்சுக் கற்றை போல் அடர்ந்து நிற்கும். கற்றைகளுக்கு அருகே சிவந்த செவுள் கொத்துகள் தெரியும். பவளத்தைத் தின்பதற்குப் பெயர்போன இனம் அத்திலாந்திக் கரையோரங்களிலும் கரிபியன், மத்தியதரைக் கடல்களிலும் வாழ்வது. தொட்டிகளில் இது அரிது. உயிருள்ள, நலமான பவளத்தின் மேல் ஏறி அதன் நுனியை வாய்க்குள் விழுங்கியபடி இருந்தால் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது, தாடைப் புழு. வானவில் போல் மின்னும் உடல்; தலையில் ஐந்து உணர்கொம்புகள்; வளைக்குள் ஒளிந்திருந்து இரவில் மட்டும் தலைநீட்டி, கடந்து போகும் மீனைக் கவ்வும். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் நியூகீ என்னும் ஊரில் உள்ள புளூ ரீப் காட்சியகத்தில் 2009ஆம் ஆண்டு நடந்தது உலகமெங்கும் செய்தியானது. அங்கே தொட்டியில் பவளங்கள் வெட்டுப்பட்டன, மீன்கள் காயப்பட்டன. யார் செய்வதென்று தெரியவில்லை. இரை வைத்துப் பொறி வைத்தார்கள், பொறி சேதமானது. கடைசியில் கல் கல்லாகத் தொட்டியைக் கலைத்தபோது சுமார் 4 அடி நீளப் புழு அகப்பட்டது. அதற்குப் 'பாரி' என்று பெயரும் வைத்தார்கள். அதே ஆண்டில் ஜப்பானில் ஒரு மிதவைக்குள் அகப்பட்ட இதே இனப் புழு கிட்டத்தட்ட 3 மீற்றர் நீளம். பயிற்சி பெற்ற ஊழியர்கள் உள்ள காட்சியகத்திலேயே கண்டுபிடிக்க அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்றால், சமையலும் துடைப்பும் துணி துவைப்பும் முடித்துவிட்டு வரும் ஒரு பெண் பிள்ளையிடம் "ஏன் கவனிக்கவில்லை" என்று கேட்பது எவ்வளவு நியாயம்?

மூன்றாவது, தட்டைப்புழு. காகிதம் போல் தட்டையாக, வழுக்கிக்கொண்டு நகரும். செங்கல் நிறத்தில், சில மில்லிமீற்றர் நீளத்தில், வால் பிளவுபட்டு, கண்ணாடியிலும் பவளத்திலும் நூற்றுக்கணக்கில் துரு படிந்தது போல் ஒட்டியிருப்பது ஒரு வகை. அது பவளத்தைத் தின்பதில்லை. மூடி வெளிச்சத்தைத் தடுக்கிறது. கிளைப் பவளத்தையே தின்பது இன்னொரு வகை. அது பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பவளத்தில் வட்ட வட்டமாக வெளுத்த கடித் தடங்களும், அடிப்பகுதியில் பழுப்பு நிற முட்டைக் கூட்டமும் இருந்தால் அதுதான்.

நான்காவது, மீனின் உடலிலேயே ஒட்டி வாழும் புழு. கண்ணாடி போல் நிறமில்லாமல் இருப்பதால் பார்த்தால் தெரியாது. மீன் கல்லில் உடம்பை உரசும், வேகமாக மூச்சு வாங்கும், கண் மங்கும். மீன்களைக் கூட்டமாகக் கொல்லக்கூடியது இதுவே. கல்லுக்குள்ளிருந்து வெளியே வந்து நம்மைப் பயமுறுத்தும் புழுவைவிட, கண்ணுக்கே தெரியாத இந்தப் புழுதான் பெரிய பகை.

கட்டுப்படுத்துவது எப்படி?

தீனியைக் குறைப்பது முதல் மருந்து. இரண்டு, மூன்று நிமிடங்களில் மீன் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். ஒருவர் மட்டுமே போட வேண்டும். தொட்டியின் பக்கத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி, போட்டவர் நேரத்தைக் குறித்து வைத்தால் வீட்டிலுள்ளவர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று வாரங்களில் முள்முடிப் புழுவின் தொகை தானாகவே குறையத் தொடங்கும்.

அதன் பிறகும் அதிகமாக இருந்தால் பொறி வைக்கலாம். சிறிய பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் புழு நுழையும் அளவுக்குத் துளையிட்டு, உள்ளே ஒரு துண்டு இறாலைப் போட்டு, இரவில் விளக்கை அணைத்த பின் மணலில் படுக்க வைக்க வேண்டும். விடியற்காலையில் விளக்கைப் போடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். கையை வைத்துப் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். புழுவை உண்ணும் ஆறு கோட்டு மீன், அம்பு நண்டு போன்றவற்றையும் சிலர் விடுவார்கள். அவை தேவையான சிற்றுயிர்களையும் உண்ணும் என்பதால் அது உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவு.

செங்கல் நிறத் தட்டைப்புழுவுக்குக் கடையில் மருந்து உண்டு. ஆனால் அந்தப் புழுவின் உடலுக்குள் நஞ்சு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தால் அந்த நஞ்சு தண்ணீரில் கலந்து மீன்களும் சாகும். ஆகவே மருந்துக்கு முன் மெல்லிய குழாயால் பல நாட்கள் புழுக்களை உறிஞ்சி வெளியேற்றித் தொகையைக் குறைக்க வேண்டும். மருந்திட்ட பின் வடிகட்டியில் புதிய கரி போட்டு, தண்ணீரில் ஒரு பகுதியையும் மாற்ற வேண்டும்.

பவளம் தின்னும் தட்டைப்புழுவுக்கு, பவளத்தை வெளியே எடுத்து மருந்து நீரில் முக்குவார்கள். அதில் புழு விழும், முட்டை சாகாது. முட்டையைச் சுரண்டி எடுத்து, சில நாட்கள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் முக்க வேண்டும். ஒரே தடவையில் முடிந்தது என்று நினைப்பதால்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். தலைப் பேன் எடுக்கும் தாய்மாருக்கு ஈர் இருக்கும்வரை பேன் போகாது என்பது தெரியும். இதுவும் அதே கணக்குத்தான்.

மீனில் ஒட்டிய புழுவைக் கண்டறிய ஒரு வழி உண்டு. மலையில் அட்டை கடித்தால் உப்பைத் தடவுகிறோம். அட்டை சுருண்டு விழுகிறது. கடல் புழுவுக்கு நேர்மாறு. அதற்கு நல்ல தண்ணீர்தான் நஞ்சு. தொட்டி நீரின் அதே சூட்டில், குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரில் மீனை ஐந்து நிமிடம் அளவில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாதிருந்த புழுக்கள் வெள்ளையாகி எள் போல் உதிரும். ஆனால் நீரின் தன்மையும் அளந்து சரிசெய்யப்பட வேண்டும். மீன் தவித்தால் உடனே எடுக்க வேண்டும். முட்டைகள் தொட்டியில் மிஞ்சியிருப்பதால் சிகிச்சை தொடரவும் வேண்டும். எனவே இதை வீட்டுக்காரரோ கடைக்காரரோ செய்யட்டும். வேலை செய்பவர் தனியாகச் செய்ய வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, புதிதாக வாங்கும் கல்லையும் பவளத்தையும் மீனையும் நேரே பெரிய தொட்டியில் போடாமல், வேறொரு சிறு தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்ப்பதாகும். தங்கை கேட்ட அந்தச் செத்த பவளமும், வாங்கிய அன்றே தொட்டிக்குள் போனதுதானாம்.

பூச்சி மாத்திரை போடலாமா?

கூடாது. 1994ஆம் ஆண்டு முதல் நமது பெருந்தோட்டப் பகுதிகளில் பூச்சி மாத்திரை கொடுக்கும் திட்டம் நடந்து வந்திருப்பதால், மருத்துவமாது தரும் அந்த மாத்திரையை நாம் எல்லோரும் அறிவோம். அது மனிதக் குடலில் உள்ள பூச்சிக்கு, உடல் நிறையும் வயதும் பார்த்துக் கொடுப்பது. கடல் தொட்டியில் எந்தப் புழுக்கொல்லியைக் கரைத்தாலும் பகையோடு துணையும் சாகக்கூடும். கல்லுக்குள் செத்த நூற்றுக்கணக்கான புழுக்கள் அங்கேயே அழுகி, அமோனியா ஏறி, ஓரிரு நாட்களில் மீனும் பவளமும் போய்விடும். அப்போது பழி யார் மேல் விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

உங்கள் கையும் உயிரும்

சகோதரிகளே, இதுவரை சொன்னதைவிட இனிச் சொல்வதே முக்கியம். தொட்டியில் உள்ள மீனுக்கும் பவளத்திற்கும் விலை உண்டு. உங்கள் கைக்கும் மூச்சுக்கும் விலை கிடையாது.

ஒன்று: முழங்கை வரை வரும் தடித்த இறப்பர் கையுறை இல்லாமல் கை வைக்க வேண்டாம். முள் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் முட்கள் முறிந்து உள்ளே போகும். ஒட்டும் செலோடேப்பையோ பிளாஸ்டரையோ மெல்ல ஒட்டி உரித்தால் முட்கள் அதோடு வரும். மிஞ்சியதைச் சாமணத்தால் எடுத்து, வினாகிரி தடவினால் எரிச்சல் குறையும். பிறகு சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். வீக்கம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இரண்டு: கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டியில் கை வைக்க வேண்டாம். மீன் தொட்டி நீரில் வாழும் ஒரு கிருமி காயத்தின் வழியே நுழைந்து, வாரக்கணக்கில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். சாதாரண மருந்துக்கு அது அடங்காது. வைத்தியரிடம் போகும்போது "நான் மீன் தொட்டி கழுவுகிறேன்" என்று கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை பல மாத அலைச்சலைக் குறைக்கும்.

மூன்று: கை வைப்பதற்கு முன் விளக்கு, சூடாக்கி, பம்பி எல்லாவற்றின் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

நான்கு: "கல்லை வெளியே எடுத்து அவித்துவிடு, புழுவெல்லாம் செத்துவிடும்" என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கொதிநீர் ஊற்றவும் வேண்டாம். பொத்தான் பொத்தானாகக் கல்லில் படர்ந்து விரியும் ஒருவகை மென்பவளத்தில், உலகிலேயே மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று இருக்கக்கூடும். சூடாக்கினாலோ உரசித் தேய்த்தாலோ அது ஆவியிலும் திவலையிலும் கலந்து மூச்சு வழியே உள்ளே போகும். 2018ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்சயர் பகுதியில் ஸ்டீவன்டன் என்னும் கிராமத்தில், தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்ததால் வெளிப்பட்ட நஞ்சினால் ஒரு வீட்டாரும், உதவிக்குச் சென்ற தீயணைப்பு வீரர்களும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதற்கு மாற்று மருந்து இல்லை. காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம், தசை வலி, வாயில் இரும்புச் சுவை ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படி நேர்ந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். வீட்டிலுள்ளவர்களையும் வெளியே அழையுங்கள். வைத்தியசாலையில் பவளத் தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். தேசிய வைத்தியசாலையில் உள்ள நஞ்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை பெற முடியும்.

நோனாவிடம் எப்படிச் சொல்வது?

"அதெல்லாம் சொன்னால் திமிர் என்பார்களே அக்கா" என்று தங்கை தொலைபேசியில் கேட்டார். பணிவும் உண்மையும் ஒன்றாக இருக்க முடியும். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "நோனா, இந்தப் புழு கல்லோடு வந்தது. தீனியைக் குறைத்தால் குறையுமாம். எனக்கு ஒரு சோடி நீளக் கையுறை வாங்கித் தாருங்கள். மருந்து போடுவதென்றால் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். நான் பக்கத்தில் நின்று உதவுகிறேன்." இப்படிப் பேசினால் அது முறைப்பாடும் ஆகாது, கெஞ்சலும் ஆகாது. வேலை தெரிந்தவரின் பேச்சாக இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் அழைத்தார். கையுறை வந்துவிட்டது. தீனி போடும் பொறுப்பு வீட்டின் மூத்த மகளிடம் போயிருக்கிறது. போத்தல் பொறியில் முதல் இரவில் பத்துக்கும் மேல் அகப்பட்டனவாம். செத்த பவளத்திற்காகச் சம்பளம் வெட்டப்படவில்லை. ஆனால் "வெட்ட மாட்டேன்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

சர்வதேச தொழில் நிறுவனம் 2011ஆம் ஆண்டு நிறைவேற்றிய 189ஆம் இலக்க உடன்படிக்கை, வீட்டு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச்சூழலுக்கு உரிமை உண்டு என்கிறது. சமையலறைக்கும் மாடிப்படிக்கும் பொருந்தும் அந்த வாசகம் மீன் தொட்டிக்கும் பொருந்தும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை வேலைக்கு அனுப்பும்போது சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள் என்று கேட்கிறோம். இனி, "அங்கே என்னென்ன கழுவ வேண்டும், எந்தெந்த மருந்தைத் தொட வேண்டும்" என்றும் கேளுங்கள். மீன் தொட்டி இருக்கிறது என்றால், கையுறை யார் வாங்கித் தருவார்கள், மீனோ பவளமோ செத்தால் யார் பொறுப்பு என்பதைப் பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். தரகர் மூலம் அனுப்பினாலும் அந்தப் பேச்சு வீட்டுக்காரரோடு நேரில் அல்லது தொலைபேசியில் நடக்கட்டும். பேசியதைத் திகதியிட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை பிள்ளையோடு பேசும்போது "சாப்பிட்டாயா" என்று கேட்பதோடு, "கை எப்படி இருக்கிறது" என்றும் கேளுங்கள்.

வீட்டு வேலையில் உங்களுக்கு ஏற்படும் இவ்வாறான புதுச் சிக்கல்களை எழுதி அனுப்புங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டு இப்பக்கத்தில் பதில் தருவோம்.